சமைப்பவரும் சுவைப்பவரும்

வீட்டிலே கறிக்கு உப்புக் குறைந்துவிட்டால், விருந்துக்கு வந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் உண்டு முடித்து, "மிக நன்றாக இருந்தது" என்று கூறிக் கைகழுவப் போவார். வீட்டுச் சிறுவனோ முதற் கவளத்திலேயே முகத்தைச் சுளித்து உரக்கச் சொல்லிவிடுவான். பெரியவருடைய பண்பை எல்லாரும் மெச்சுவர். சிறுவனுக்கு ஒரு குட்டுக் கிடைக்கும். ஆயினும் மறுநாட் கறி திருந்துவது அந்தச் சிறுவனாலேதான் என்பதைச் சமைத்தவர் அறிவார்.

மேனாட்டுப் பத்திரிகைகளிலே அச்சிறுவனுடைய வேலையைச் சம்பளம் பெற்றுச் செய்பவர்கள் இருக்கிறார்கள். உணவு விமர்சகர் என்று அவர்களுக்குப் பெயர். நூலையும் நாடகத்தையும் ஆராய்ந்து எழுதுவதுபோல அவர்கள் உணவுச்சாலைகளை ஆராய்ந்து எழுதுகிறார்கள். அவர்களுடைய ஒரு கட்டுரையினால் வெறிச்சோடிக் கிடந்த உணவுச்சாலை நிரம்பி வழிவதும் உண்டு. நிரம்பியிருந்தது வெறிச்சோடுவதும் உண்டு.

அத்தகைய விமர்சகர்களால் வானளாவ உயர்த்தப்பட்டு, பின்னர் அவர்களாலேயே நெஞ்சு புண்பட்ட ஒரு சமையற் கலைஞரையும், அவருடைய உணவுச்சாலையையும் பற்றி இவ்வாரம் எழுதுகிறோம். அமெரிக்காவிலே, கலிபோர்ணியா மாநிலத்து நாப்பாப் பள்ளத்தாக்கிலே, யோண்ட்வில் என்னும் சிற்றூரில் அந்த உணவுச்சாலை இருக்கிறது. 'பிரெஞ்ச் லோண்டறி' என்பது அதன் பெயர். அங்கே ஒருவருடைய ஒருவேளை உணவின் விலை அண்மை ஆண்டுகளில் 350 டொலரைத் தாண்டிவிட்டது. எமது வாசகரிற் பெரும்பாலோர் அவ்வீட்டுப் படியை மிதிக்கப் போவதில்லை. இதை எழுதும் நாமும் மிதித்ததில்லை. எனினும், பிறர் உழைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதும், எம் உழைப்பைப் பற்றிய தீர்ப்பைத் தாங்குவதும் எல்லார்க்கும் வாய்த்த காரியங்கள். அவ்விரண்டையும் கற்க இந்த உணவுச்சாலையின் வரலாறு ஏற்ற பாடமாக எமக்குத் தோன்றுகிறது.

பெயர் மறைத்த போத்தல்கள்

நாப்பாப் பள்ளத்தாக்கு சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே ஏறத்தாழ 50 மைல் தூரத்தில் இருக்கிறது. நீளம் சுமார் 30 மைல். இருமருங்கும் மலைத்தொடர், நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் வரை திராட்சைக் கொடிகள். பழத்தைப் பிழிந்து மது வடிப்பதே அவ்வூராரின் பெருந்தொழில். மது நன்றா தீதா என்னும் வழக்கை நாம் இங்கே எடுக்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் கீர்த்தியே ஒரு தீர்ப்பினால் வந்தது என்பதைத்தான் வாசகர் கவனிக்க வேண்டும்.

1976 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆம் தேதி பாரிஸ் நகரிலே ஒரு சோதனை நடந்தது. அங்கே மது வாணிகம் செய்துவந்த ஸ்ரீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேயர் அதனை ஒழுங்குசெய்தார். பிரான்ஸ் நாட்டின் பேர்பெற்ற மது வகைகளும், அதுவரை பேர் அறியப்படாத கலிபோர்ணிய வகைகளும் ஒரே மேசையில் வைக்கப்பட்டன. போத்தல்களின் பெயர்ச்சீட்டுகள் மறைக்கப்பட்டன. பிரெஞ்சு வல்லுநர் ஒன்பதின்மர் நடுவராக இருந்து, ஒவ்வொன்றையும் சுவைத்து 20 க்கு இத்தனை என்று புள்ளியிட்டனர். கூட்டிப் பார்த்தபோது வெள்ளை மதுவிலும் சிவப்பு மதுவிலும் முதலிடம் பெற்றவை நாப்பாவிலிருந்து வந்த போத்தல்களே. நடுவருள் ஒருவர் தாம் எழுதிய புள்ளித்தாளைத் திருப்பித் தருமாறு கேட்டார் என்பது அந்நாளைச் செய்தி.

அவருடைய நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பெயர்ச்சீட்டு வெளியே தெரிந்திருந்தால் அவர் அந்தப் புள்ளிகளை இட்டிருக்கமாட்டார். நாக்குச் சொன்ன உண்மையைக் கண் மறைத்திருக்கும். நம் நாட்டிலே பொதுப் பரீட்சை எழுதும் மாணவன் விடைத்தாளிலே தன் பெயரை எழுதுவதில்லை, சுட்டெண்ணையே எழுதுகிறான். எந்த ஊர், எந்தப் பாடசாலை, யாருடைய பிள்ளை என்பன திருத்துபவருக்குத் தெரியக்கூடாது என்பதே அதன் நோக்கம். பாரிஸ் நகரத்து மேசையிலே போத்தல்களும் சுட்டெண்ணோடுதான் நின்றன.

கல்வீடும் அதன் முதற் சமையலாளரும்

இந்தச் சோதனை நடந்து இரண்டு ஆண்டுகள் கழிந்தபின், 1978 இல், யோண்ட்வில்லின் பழைய கல்வீடு ஒன்று உணவுச்சாலையாயிற்று. ஆற்றுக்கல்லாலும் மரத்தாலும் ஆன அவ்வீடு 1900 ஆம் ஆண்டளவில் மதுச்சாலையாகக் கட்டப்பட்டது. அண்மையிலே இளைப்பாறிய போர்வீரர் இல்லம் இருந்தமையால், அதன் சுற்றுப்புறத்தில் மது விற்கலாகாது என்று பின்னர் சட்டம் வந்தது, மதுச்சாலை கைமாறிற்று. 1920 களில் அங்கே நீராவியினால் துணி வெளுக்கும் பிரெஞ்சுச் சலவைச்சாலை ஒன்று நடந்தது. சலவைக்காரர் போய்விட்டனர், பெயர் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

அதை உணவுச்சாலையாக்கியவர்கள் டொன் ஷ்மிற், சலி ஷ்மிற் என்னும் தம்பதிகள். கணவர் அவ்வூர் மேயராக இருந்தவர். விருந்தினரை வரவேற்று உபசரிப்பது அவர் பங்கு. அடுப்படி முழுவதும் மனைவியின் பங்கு. ஐந்து பிள்ளைகளை வளர்த்த தாய் அவர். முன்னர் அதே ஊரில் அவர் நடத்திய சிற்றுண்டிச்சாலைக்கு 'சட்னி கிச்சன்' என்று பெயர். நம் வீட்டு அம்மியிற் பிறந்த சொல் பசிபிக் கரைக்கு அண்மையில் ஒரு கடைப் பலகையில் ஏறியிருந்தது என்பதை அறிய எமக்கு மகிழ்ச்சியே.

சலி ஷ்மிற் அம்மையார் ஒவ்வோர் இரவும் ஒரே பந்தியை மாத்திரம் வைத்தார். அன்று என்ன சமைப்பது என்பதை அவரே தீர்மானித்தார். அயலிலே விளைந்த காயும் கனியுமே அதற்கு ஆதாரம். வந்தவர் விரும்பினால் இரவு முழுவதும் அந்த மேசையில் இருந்து பேசலாம். எழுந்திருங்கள் என்று அடுத்தவருக்காக அவசரப்படுத்தும் வழக்கம் இல்லை. 16 ஆண்டுகள் இவ்வாறு நடந்தது. பள்ளத்தாக்கிலே மது வடிப்போரும் அயலூராரும் திரும்பத் திரும்ப வந்தனர். அந்தந்தப் பருவத்தில் அந்தந்த ஊரில் விளைவதைச் சமைப்பதே சிறப்பு என்னும் கலிபோர்ணியச் சமையல் நெறிக்கு வழிகாட்டியவருள் ஒருவராக அவரை இன்று கருதுகிறார்கள். ஆயினும் அவர் அடுப்படியில் நின்ற காலத்தில் உலகப் புகழ் அவரைத் தேடி வரவில்லை. அவரும் அதைத் தேடிப் போகவில்லை. 1994 இல் வீட்டை விற்று, பிலோ என்னும் ஊரிலே தம் குடும்பத்தாரின் அப்பிள் தோட்டத்துக்குப் போய், அங்கே சமையல் கற்பித்து வாழ்ந்தார். 2022 மார்ச் மாதம் 90 வயதில் அவர் காலமானார். அவர் எழுதிய சமையல் நூல் அதற்கடுத்த மாதமே வெளியாயிற்று. பெரிய பத்திரிகைகள் அவர் பெருமையை விரிவாக எழுதியது அவ்வாண்டில்தான்.

விமர்சகர் கண்ணுக்கு எட்டாதது சிறியது என்று எண்ணுவது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நாக்குச் சலிக்கும் என்னும் விதி

1994 இல் அந்த வீட்டை 12 இலட்சம் டொலருக்கு வாங்கியவர் தோமஸ் கெல்லர். 1955 இற் பிறந்தவர். சமையற் கல்லூரியிற் படித்தவரல்லர். அடுப்படிகளிலே வேலைசெய்து கற்றவர். பிரான்சிலும் பயின்றார். நியூயோர்க்கிலே அவர் பங்கேற்று நடத்திய உணவுச்சாலை, 1987 இன் பங்குச்சந்தைச் சரிவுக்குப் பின் நலிந்தது. அதைவிட்டு மேற்குக் கரைக்கு வந்தவர், கையில் போதிய பணமின்றி, பலரிடம் சிறுகச் சிறுக முதல் திரட்டியே சலவை வீட்டை வாங்கினார்.

அவருடைய சமையலுக்கு அடிப்படை ஒரு சிறிய உளநூற் கருத்து. எவ்வளவு சுவையான பண்டமாயினும் முதல் வாயில் உள்ள வியப்பு இரண்டாம் வாயிற் குறையும். மூன்றாம் நான்காம் வாயோடு நாக்குச் சலித்துவிடும். ஆகவே, சலிப்புத் தோன்றுமுன் கிண்ணம் வெறுமையாகிவிட வேண்டும். 'இன்னும் ஒரு வாய் கிடைக்காதா' என்னும் ஏக்கத்தோடு உண்பவர் அடுத்த பதார்த்தத்துக்குப் போகவேண்டும். இதனால் அங்கே ஒருவேளை உணவு என்பது ஒன்பது சிறு பதார்த்தங்களின் வரிசை. ஒரு வரிசையில் ஒருமுறை வந்த பொருள் மறுமுறை வருவதில்லை. மரக்கறி உண்பார்க்கும் தனியே ஒரு வரிசை உண்டு.

பதார்த்தங்களிலே விளையாட்டும் இருந்தது. சமன் மீனை நுணுக்கி, சிறுவர் கையிற் பிடிக்கும் ஐஸ்கிறீம் கோன் போன்ற சிறு கூம்பில் வைத்துக் கொடுத்தார். 'சிப்பியும் முத்தும்' என்று ஒன்று. கடற்சிப்பியோடு அதில் முத்தாக வருவது சவ்வரிசி. நமக்குப் பாயசத்திலே பழக்கமான அதே சவ்வரிசிதான். மேசையிலே கைத்துண்டைப் பிடித்து நிற்பது துணி காயவிடும் மரக்கவ்வி, சலவைச்சாலையின் நினைவுச்சின்னம்.

முகம் மறைத்த சுவைஞர்

இந்த வீட்டின் புகழை நாடறியச் செய்தவருள் முதன்மையானவர் ரூத் ரைஷல் அம்மையார். 1993 முதல் 1999 வரை 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையின் உணவு விமர்சகராக இருந்தவர். உணவுச்சாலைக்காரர் தம்மை அடையாளம் காணாதிருக்க அவர் பொய்முடி அணிந்து, வேறு வேறு பெண்மணிகளாக வேடமிட்டுச் சென்றார் என்பது பேர்போன செய்தி.

ஏன் இந்த வேடம்? 1993 இல் நியூயோர்க்கின் மிக நாகரிகமான உணவுச்சாலை ஒன்றுக்கு அவர் சாதாரணப் பெண்ணாகச் சென்றார். நெடுநேரம் காக்கவைத்தார்கள், மதிப்பின்றி நடத்தினார்கள். பின்னொருநாள், தாம் இன்னார் என்று அவர்கள் அறியும்படி சென்றார். வாசலிலேயே உபசாரம் தொடங்கிற்று. தட்டில் வைத்த பழங்கள்கூட முன்னையவற்றிலும் பருமனாக இருந்தன. இரண்டு அனுபவங்களையும் அவர் அருகருகே எழுதி வெளியிட்டார். அந்த உணவுச்சாலையின் நான்கு நட்சத்திரம் மூன்றாயிற்று. பாரிஸ் சோதனையிலே போத்தலின் பெயரை மறைத்ததுபோல, இங்கே நடுவரின் பெயரை மறைக்க வேண்டியிருந்தது.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது அடுப்படி நியாயம். உணவுச்சாலைக்கு அது போதாது. ஒருநாள் சமையலாளருக்குத் தலைவலி இருக்கலாம். மறுநாள் விமர்சகருக்கே இருக்கலாம். ஆதலால் நல்ல பத்திரிகைகளின் விமர்சகர் பலமுறை சென்று, பல பதார்த்தங்களை உண்டு, பத்திரிகையின் பணத்திலே கட்டணம் செலுத்திவிட்டே எழுதுகின்றனர். அத்தகைய அனுபவம் உடைய ரைஷல் அம்மையார், அமெரிக்காவிலே உண்பதற்கு இன்று இதைவிடக் கிளர்ச்சியூட்டும் இடம் வேறில்லை என்று 1997 இல் பிரெஞ்ச் லோண்டறியைப் பற்றி எழுதினார். அதன்பின் அங்கே ஓர் ஆசனம் கிடைப்பதே பெரும்பாடாயிற்று.

நட்சத்திரங்களின் பாரம்

பின்னர் பட்டங்கள் குவிந்தன. இங்கிலாந்திலிருந்து வெளிவரும் 'ரெஸ்ரோரன்ற்' என்னும் சஞ்சிகை, உலகத்தின் மிகச் சிறந்த உணவுச்சாலை என்று 2003 இலும் 2004 இலும் இதனையே முதலிடத்தில் வைத்தது. 2006 இல் மிஷெலின் வழிகாட்டி நூல் சான் பிரான்சிஸ்கோப் பகுதிக்குத் தன் முதற் பட்டியலை வெளியிட்டபோது, மூன்று நட்சத்திரம் பெற்றது இது ஒன்றே. மிஷெலின் என்பது மோட்டார் வண்டிச் சக்கரத்துக்கு ரப்பர் உறை செய்யும் பிரெஞ்சு நிறுவனம். வண்டிக்காரர் ஊர்சுற்றினால் உறை தேயும். தேய்ந்தால் விற்பனை பெருகும். இந்த எண்ணத்தோடு 1900 இல் தொடங்கிய வழிகாட்டி, காலப்போக்கில் சமையலாளரின் தலையெழுத்தை எழுதும் நூலாகிவிட்டது. ஒரு நட்சத்திரம் என்றால் மிக நல்ல உணவு. இரண்டு என்றால் வழியை விட்டு விலகிச் சென்றும் உண்ணத்தக்கது. மூன்று என்றால் அதற்காகவே பயணம் போகத்தக்கது என்பது பொருள்.

இந்தச் சின்னங்களின் பாரம் எத்தகையது என்பதற்கு ஒரு துயரச் செய்தியையும் சொல்லவேண்டும். பிரான்சின் பேர்கன்டி மாகாணமும் திராட்சைக்குப் பேர்பெற்ற நாடே. அங்கே சோலியூ என்னும் ஊரிலே பேர்ணார் லுவாசோ என்னும் சமையற் கலைஞர் இருந்தார். மூன்று நட்சத்திரம் பெற்றவர். 2003 இன் தொடக்கத்தில், கோமியோ என்னும் மற்றொரு வழிகாட்டி நூல் அவருக்கு 20 க்கு 19 என்று இருந்த புள்ளியை 17 ஆகக் குறைத்தது. மிஷெலின் நட்சத்திரமும் ஒன்று போகலாம் என்று பத்திரிகைகளில் ஊகம் எழுந்தது. பெப்ரவரி 24 ஆம் தேதி அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 52. நெடுநாளாக அவரை வருத்திய மனநோயும் கடன்சுமையும் இருந்தன. ஒரு புள்ளித்தாளே அவரைக் கொன்றது என்று சொல்வது நியாயமாகாது. எனினும் 17 என்பது எந்தப் பரீட்சையிலும் உயர்ந்த புள்ளி என்பதையும், அவ்வாண்டு மிஷெலின் அவருடைய மூன்று நட்சத்திரத்தையும் குறைக்காமலே விட்டிருந்தது என்பதையும் எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. இலக்கத்துக்குக் காரணம் சொல்லும் வாய் இல்லை. அதைப் பார்க்கிறவன் தன் அச்சத்தையே அதற்குக் காரணமாக வாசித்துவிடுகிறான்.

கலங்கிய காளான் சூப்

கெல்லர் 2004 இல் நியூயோர்க் நகரிலே 'பெர் ஸே' என்னும் இரண்டாவது பெரிய உணவுச்சாலையைத் திறந்தார். சலவை வீட்டின் தங்கை என்று அதைச் சொல்லலாம். சமையல் நெறியும் அதுவே. வாசற் கதவின் நீல நிறமும் அதுவே. 'நியூயோர்க் ரைம்ஸ்' அதற்கு நான்கு நட்சத்திரம் அளித்தது. 2011 இலும் அவ்வாறே அளித்தது.

2016 ஜனவரியிலே அப்பத்திரிகையின் விமர்சகராயிருந்த பீற் வெல்ஸ் எழுதிய கட்டுரை நான்கை இரண்டாக்கிற்று. அவர் வெறுமனே இலக்கத்தைக் குறைத்துவிட்டுப் போகவில்லை. எந்தப் பதார்த்தம் சுவையின்றி இருந்தது, எந்தப் பணியாளர் அசட்டையாக இருந்தார், 325 டொலர் கொடுத்தவருக்கு எங்கெங்கே ஏமாற்றம் நேர்ந்தது என்று ஒவ்வொன்றாக எழுதினார். காளான் சூப் ஒன்றைப் புகைக்குழாயிலே தேங்கிய கலங்கல் நீருக்கு ஒப்பிட்டார். அந்த உவமை ஊரெங்கும் பரவிற்று. உவமை வேண்டியதைவிடக் கொடியது என்பது எம் எண்ணம். அதனைச் சொல்லி நகைத்தவர் பலர். காரணங்களை நின்று வாசித்தவர் சிலரே. ஆனால் காரணங்கள் அங்கே இருந்தன.

கெல்லர் என்ன செய்தார்? விமர்சகரை ஏசவில்லை, அவருடைய நாக்கிற் பழுது என்று சொல்லவில்லை. சில நாட்களில் பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். தாம் உயர்ந்த தரத்தைக் காக்க முயல்பவர் எனினும் இடையிடையே தவறுவதுண்டு என்றும், ஏமாற்றமடைந்தோரிடம் வருந்துவதாகவும், திருந்த முயல்வதாகவும் அதில் எழுதினார். அவ்வாண்டிலே ஒரு சஞ்சிகைக்குப் பேட்டியளித்தபோது, தம் கூட்டத்தார் ஒருவேளை தன்னிறைவால் அயர்ந்துவிட்டிருக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டார்.

இங்கேதான் அவருடைய சமையல் விதி அவரிடமே திரும்பி வருகிறது. மூன்றாம் வாயில் நாக்குச் சலிக்கும் என்று உலகுக்குச் சொன்னவர் அவர். புகழும் ஓர் உணவுதான். அதையும் நாள்தோறும் உண்டால் நாக்குச் சலிக்கும். பத்தாண்டு நான்கு நட்சத்திரம் உண்ட அடுப்படி, தன் சூப் கலங்கியிருப்பதைத் தானே அறியும் கூர்மையை இழந்துவிடுகிறது. சலிக்காத வேறொரு நாக்கு வெளியேயிருந்து வந்து சொல்லவேண்டும். விமர்சகரால் உலகுக்கு ஆகும் பயன் இதுவே. இடித்துச் சொல்லுவோர் துணை அரசனுக்கு எவ்வளவு வேண்டியது என்று வள்ளுவர் கூறியதை மாணவர் கற்றிருப்பர். அடுப்படி அரசருக்கும் அது பொருந்தும்.

ஒன்பது ஆண்டுகளின் பின்

கதை இவ்வளவில் முடிந்திருந்தால் நீதிநூலில் சேர்த்துவிடலாம். மனித உள்ளம் அவ்வளவு நேரானதன்று. 2025 இல் 'சான் பிரான்சிஸ்கோ குரோனிக்கிள்' பத்திரிகையின் உணவு விமர்சகர், தம் நண்பர்களுடன் பிரெஞ்ச் லோண்டறிக்கு உண்ணச் சென்றார். அவர் இன்னாரென்று அறிந்துகொண்ட கெல்லர், அவரை முற்றத்துக்குத் தனியே அழைத்து, தாம் அவர் அங்கிருப்பதை விரும்பவில்லை என்று நேராகவே சொன்னார். விமர்சகர்களால் தமக்கும் தம் பணியாளர்க்கும் நேர்ந்த வேதனையையும் நெடுநேரம் எடுத்துரைத்தார். பின்னர் மனம் இளகிற்று. இருந்து உண்ணச் சொன்னார். வரிசை வரிசையாகப் பதார்த்தங்கள் வந்தன. பணம் வாங்க மறுத்துவிட்டார்கள். அந்த விமர்சகரோ நட்சத்திரம் இட்டு எழுதாமல், நடந்ததை நடந்தபடி எழுதி வெளியிட்டார். அதை வாசித்தவருட் சிலர் சமையற் கலைஞரைப் பழித்தனர். சிலர் அவர்மேல் இரக்கம் கொண்டனர்.

எமக்கு இரக்கமே மிகுதியாக வருகிறது. 70 வயதை நெருங்கி, ஓர் உணவுச்சாலைக்குக் கிடைக்கக்கூடிய எல்லாச் சிறப்பையும் பெற்ற ஒருவர், ஒரு புதிய விமர்சகரைக் கண்டு நெஞ்சு படபடக்கிறார். பெற்ற புகழ் ஒன்றும் அந்தப் படபடப்பைத் தணிக்கவில்லை. ஆயினும் அவர் செய்தது சரியன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தம்மைப் புகழ்ந்து எழுதுவார் என்று தெரிந்திருந்தால் அந்த அம்மையாரை முற்றத்துக்கு அழைத்திருப்பாரா? ரைஷல் அம்மையாரை உள்ளே விட்ட அதே கதவினாலேதான் வெல்ஸ் போன்றவரும் வரவேண்டும். ஒருவருக்குத் திறந்து மற்றவருக்கு அடைத்தால், முன்னவர் சொன்ன புகழுக்கும் மதிப்பில்லாமற் போய்விடும். மறுத்துச் சொல்லும் உரிமை இல்லாதவர் சொல்லும் 'நன்று' என்னும் சொல், விருந்துக்கு வந்த பெரியவரின் உபசார வார்த்தைக்கு ஒப்பானதே.

தீர்ப்புச் சொல்வோர்க்கும் இதிலே பாடம் உண்டு. முகம் அறியாமல் மதிப்பிடு. ஒருமுறை பார்த்து முடிவுசெய்யாதே. உன் செலவிலே உண். இலக்கத்தோடு காரணத்தையும் சொல். சமைத்ததைப் பேசு, சமைத்தவரைக் குத்தாதே. நல்ல விமர்சகர்கள் கைக்கொள்ளும் இந்த ஒழுங்கில் ஒன்று குறைந்தாலும் தீர்ப்பிலே நஞ்சு கலந்துவிடும். கைதட்டு வாங்கும் உவமை ஒன்று பேனாவின் நுனிக்கு வரும்போது, அது உண்மையை விளக்க வருகிறதா, எழுதுபவரின் கெட்டித்தனத்தைக் காட்ட வருகிறதா என்று ஒரு கணம் நின்று கேட்பது நல்லது.

நம்மிடையே வேறொரு குறை உண்டு. நூல் வெளியீட்டு விழாக்களிலே மாலை போடுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், ஆய்வுரை என்று அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டு வாழ்த்துரையே நிகழ்த்துகிறோம். நூலாசிரியர் மகிழ்ந்து வீட்டுக்குப் போகிறார். அவருடைய இரண்டாவது நூல் முதல் நூலைவிடச் சிறந்திருப்பதில்லை. மூன்றாவது நூலில் நாம் சலித்துவிடுகிறோம். அவருக்குத் தீங்கு செய்தவர் யார்? மேடையில் இருந்த நாம் எல்லாருமே. எட்டாம் பக்கத்திலே ஒரு பிழை இருக்கிறதென்று அன்போடு அவரைத் தனியே அழைத்துச் சொல்ல ஒருவரும் துணியவில்லை.

மாணவர்க்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். திருத்திய கொப்பி கைக்கு வந்தவுடன் நீங்கள் தேடுவது அடியிலுள்ள புள்ளியை. அடுத்தவனுக்கு எத்தனை என்று எட்டிப் பார்க்கிறீர்கள். பிறகு கொப்பியை மூடிவிடுகிறீர்கள். ஆசிரியர் ஓரத்திலே சிவப்பு மையால் எழுதிய இரண்டு வரியை வாசிப்பவர் வகுப்பில் எத்தனை பேர்? அந்த இரண்டு வரிக்காகவே அவர் இரவில் விழித்திருந்தார். அடுத்த முறை அதை முதலில் வாசியுங்கள். புள்ளி அங்கேயேதான் இருக்கும். அதைப் பிறகும் பார்த்துக்கொள்ளலாம்.